அத்தியாயம் 4: வீட்டுக் கைகளுக்கும் கூலி உண்டு

வார இறுதி வகுப்பில் மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொண்டு, பிறகு மொட்டை மாடியில் ஒரு மின்சக்கரமும் சின்ன மின்சூளையும் வாங்கிவைத்து, குடும்பமாகச் சேர்ந்து மண்ணில் கைவைக்கும் வீடுகள் சென்னை, கோவை, புதுச்சேரி போன்ற ஊர்களில் இருக்கின்றன. செய்த பாத்திரங்களால் அலமாரி நிறைந்து, உறவினர்களுக்குக் கொடுத்தும் மீந்துபோகிறபோது, விற்றால் என்ன என்ற எண்ணம் தானாக வருகிறது. அந்த எண்ணம் வந்தவுடன் பெரும்பாலும் பேச்சு தொழிலின் பெயர், லோகோ, இன்ஸ்டாகிராம் பக்கம், எந்தக் கண்காட்சியில் கடை போடலாம் என்ற திசையில் போய்விடும். இந்த அத்தியாயம் அவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டிய ஒரு வேலையைப் பற்றியது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். அந்த நேரத்துக்குக் கூலி போடுங்கள். அந்தக் கூலியைப் பாத்திரத்தின் விலைக்குள் கொண்டுவாருங்கள். களிமண் தீர்ந்தால் கண்ணுக்குத் தெரியும், மின்கட்டணத்துக்கு ரசீது வரும். குடும்பத்தாரின் நேரத்துக்கு மட்டும் யாரும் ரசீது அனுப்புவதில்லை. வீட்டு மண்பாண்டத் தொழிலில் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று அதுதான். அதைக் கணக்கில் சேர்க்காத குடும்பம் நஷ்டத்தை லாபம் என்று நம்பிக்கொண்டே உழைக்கும்.

சக்கரத்துக்கு வெளியே நடக்கும் வேலை

மண்பாண்டம் என்றதும் மனத்தில் எழுவது சுழலும் சக்கரம்தான். ஆனால் ஒரு குவளை வாங்குபவர் கைக்குப் போய்ச் சேரும்வரை நடப்பவற்றை வரிசையாகப் பார்த்தால், வனைதல் அதில் சிறு பகுதி. முதலில் மண்ணைப் பிசைந்து காற்றை வெளியேற்ற வேண்டும். வனைந்ததைப் பாதி உலர்ந்த பதத்தில் கவிழ்த்து அடியைச் சீவி, கைப்பிடி ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்தால் கோணும் அல்லது விரியும் என்பதால், மூடியும் திறந்தும் திருப்பியும் வைத்து மெல்ல உலர்த்த வேண்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் சூளையில் அது நீராவியாகிப் பாத்திரத்தை வெடிக்கச் செய்யும். சிதறும் துண்டுகள் பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். முதல் சுடுதல் பெரும்பாலும் 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை. அதன்பின் கிளேஸில் தோய்த்து, அடியில் ஒட்டியதைத் துடைத்து, ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கி, ஸ்டோன்வேர் மண்ணாக இருந்தால் 1200 டிகிரிக்கு மேல் இரண்டாம் முறை சுட வேண்டும். சூளை ஆறும்வரை காத்திருக்க வேண்டும். 573 டிகிரியை ஒட்டி மண்ணில் உள்ள குவார்ட்ஸ் சட்டென்று பருமன் மாறுவதால், அவசரமாகக் குளிர்விக்கும் பாத்திரத்தில் விரிசல் விழும். பிறகு அடியைத் தேய்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், உடையாதபடி பெட்டி கட்டிக் கூரியரில் சேர்க்க வேண்டும். இத்தனைக்கும் மேலாகத் தினமும் ஈரத்துணியால் இடத்தைத் துடைக்க வேண்டும். உலர்ந்த களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அதை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம். வந்தால் குணமாக்க மருந்து இல்லை. எனவே துடைப்பத்தால் பெருக்காமல் ஈரமாகத் துடைப்பதும், கிளேஸ் பொடியைக் கலக்கும்போது தூசியைத் தடுக்கும் முகமூடி அணிவதும் தொழிலின் கட்டாய வேலைகள். நேரம் கணக்கில் ஏறாத வீடுகளில் முதலில் விடுபடுவதும் இந்தத் துப்புரவுதான்.

காலங்காலமாக இந்தத் தொழிலைச் செய்துவரும் குடும்பங்களைப் பார்த்தால் இதே உண்மை இன்னும் அழுத்தமாகத் தெரியும். இந்தியாவின் பல பகுதிகளில் குயவர் வீட்டுப் பெண்கள் சக்கரத்தைத் தொடுவதில்லை என்பது வழக்கம். ஆனால் மண்ணைப் பக்குவப்படுத்துவது, தட்டுவது, உலர்த்துவது, வண்ணம் பூசுவது, சூளைக்கு அடுக்குவது ஆகியவற்றில் பெரும்பங்கு அவர்களுடையது. வெளியுலகம் சக்கரத்தில் இருப்பவரை மட்டுமே குயவர் என்று அழைத்தது. மானாமதுரைக் கடம் இந்தப் பார்வை எவ்வளவு குறையுள்ளது என்பதற்குச் சான்று. கடத்தின் உருவம் சக்கரத்தில் தொடங்குகிறது என்றாலும், அதன் நாதத்தைத் தீர்மானிக்கும் சுவர் கனம் சக்கரத்துக்குப் பிறகு உள்ளே கல்லை வைத்து வெளியே கட்டையால் பொறுமையாகத் தட்டுவதில்தான் அமைகிறது. அவ்வூரில் கடம் செய்யும் மீனாட்சி கேசவனுக்கு 2014-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தபோது, சக்கரத்துக்கு வெளியே உள்ள உழைப்பின் தரத்தை நாடு ஏற்றுக்கொண்டது. வார இறுதியில் மண் பிடிக்கும் நகரத்துக் குடும்பமும் தன்னை அறியாமல் பழைய தவற்றையே செய்யலாம். வனைபவர் கலைஞர் ஆகிவிடுவார். பெட்டி கட்டுபவரும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்பவரும் தரையைத் துடைப்பவரும் உதவியாளர் ஆகிவிடுவார்கள்.

இதற்கு மாறான முன்னுதாரணம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள சான் இல்டெஃபான்சோ என்ற பழங்குடி ஊரில் கிடைக்கிறது. மரியா மார்ட்டினெஸ் சக்கரம் இல்லாமல் மண் திரிகளைச் சுற்றி அடுக்கிக் கையாலேயே பானை செய்தார்; அவர் கணவர் ஜூலியன் அதில் ஓவியம் தீட்டினார். 1919 வாக்கில் கருமைமீது கருமையாக வடிவங்கள் தெரியும் புதுப் பாணியை இருவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் பானைகளின் அடியில் இருவர் பெயரும் இடம்பெற்றன. 1943-இல் ஜூலியன் இறந்த பிறகு மருமகள் சாந்தானா ஓவியப் பொறுப்பை ஏற்றார். பானையில் மரியாவின் பெயரோடு அவர் பெயரும் வந்தது. பின்னர் மகன் போப்போவி டாவின் பெயரும் அப்படியே சேர்ந்தது. யார் எந்த வேலையைச் செய்தார் என்பதைப் பொருளிலேயே பதிவுசெய்த குடும்பம் அது. ஒருவர் இல்லாமல் போனபோதும் தொழில் தொடர்ந்ததற்கு, ஒவ்வொரு கட்ட வேலையையும் தனி வேலையாக அவர்கள் மதித்துக் கற்பித்தது முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

இருபது குவளைகளின் கணக்கு

மதிப்பு என்பதை எண்ணாக மாற்றிப் பார்த்தால்தான் வாதம் உறுதிப்படும். விளக்கத்துக்காக ஒரு சூளை ஈட்டில் இருபது கைப்பிடிக் குவளைகள் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை மாறாது. மண் பிசைய 60 நிமிடம், வனைய 100, அடி சீவிக் கைப்பிடி ஒட்ட 200, உலர்த்தும்போது திருப்பி வைக்க 30, முதல் சுடுதலுக்கு அடுக்க 30, கிளேஸ் பூச 80, இரண்டாம் முறை அடுக்க 40, இறக்கி அடி தேய்க்க 40, படம் எடுக்க 40, பெட்டி கட்ட 120, விசாரணைகளுக்கும் கூரியருக்கும் 90 நிமிடம். மொத்தம் 830 நிமிடம். ஏறக்குறைய 14 மணி நேரம். வனைய ஆனது இதில் எட்டில் ஒரு பங்குதான். இருபதில் மூன்று விரிசலாலோ கிளேஸ் குறையாலோ கழிந்தால் விற்கக்கூடியவை 17. அப்படியானால் ஒரு குவளைக்குக் குடும்பம் கொடுத்த நேரம் 49 நிமிடம்.

இனி பணம். களிமண் 400 ரூபாய், கிளேஸ் 200, இரண்டு சுடுதலுக்கும் சேர்த்து 50 யூனிட் மின்சாரம் யூனிட்டுக்கு 9 ரூபாய் வீதம் 450, பெட்டியும் பொதியும் குவளைக்கு 30 ரூபாய் வீதம் 510. மொத்தம் 1,560, குவளைக்கு 92 ரூபாய். பெரும்பாலான குடும்பங்கள் கணக்கை இந்த இடத்தில் முடித்துக்கொண்டு, 200 ரூபாய்க்கு விற்றால் 108 ரூபாய் லாபம் என்று மகிழ்ச்சி அடைகின்றன. அடுத்து, சக்கரத்துக்கும் சூளைக்கும் போட்ட ஒன்றரை லட்சம் ரூபாயை ஐந்தாண்டில், ஆண்டுக்கு நாற்பது ஈடுகளில் மீட்க வேண்டும் என்றால் ஈட்டுக்கு 750 ரூபாய் தேய்மானம். மணிக்கு 100 ரூபாய் என்று எளிய கூலி போட்டால் உழைப்புக்கு 1,383 ரூபாய். எல்லாம் சேர்த்து 3,693. குவளைக்கு 217 ரூபாய். 200 ரூபாய்க்கு விற்கும் ஒவ்வொரு குவளையிலும் 17 ரூபாய் இழப்பு. வேறு விதமாகச் சொன்னால், அந்த விலையில் குடும்பத்தின் ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைத்தது 79 ரூபாய்தான். அதே குவளையைக் கடையில் வைத்து, கடைக்காரர் 40 சதவீதம் எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் கீழே போகிறது. பெட்டிச் செலவையும் பெட்டி கட்டும் நேரத்தையும் கூரியர் வேலையையும் முழுக்கக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், 17 குவளைகளுக்குக் கிடைக்கும் 2,040 ரூபாயில் செலவு 1,800 போக மிஞ்சுவது 240. பத்து மணி நேரத்துக்கும் மேற்பட்ட உழைப்புக்கு அது மணிக்கு 23 ரூபாய். பாத்திரங்கள் விற்றுத் தீர்கின்றன, பாராட்டு வருகிறது, ஆர்டர் கூடுகிறது. இவை எல்லாம் நடக்கும்போதே தொழில் குடும்பத்தின் நேரத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

மின்சாரத்தை யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். அதன்பின் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறுகிறது. வீட்டின் விளக்கும் மின்விசிறியும் ஃபிரிட்ஜும் கீழ்ப்படிகளை நிரப்பிவிடுவதால், சூளை எடுக்கும் யூனிட்டுகள் மேல்படி விலையில் விழுகின்றன. பில்லின் சராசரியைப் பார்த்தால் இது மறைந்துவிடும். சூளை ஓடிய இரண்டு மாதப் பில்லையும் ஓடாத இரண்டு மாதப் பில்லையும் ஒப்பிட்டால், சுடுதலின் உண்மையான செலவு கிடைக்கும். விற்பனைக்காகச் சுடத் தொடங்கும்போது, அந்தச் சுமையை வீட்டு இணைப்பு தாங்குமா, தொழிலுக்குத் தனி இணைப்பு வேண்டுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நேர நோட்டு

கணக்கின் அடிப்படை ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். தேதி, ஈட்டின் எண், வேலை, செய்தவர், தொடங்கிய நேரம், முடித்த நேரம் என்று ஆறு பத்திகள் போதும். அது மண் இருக்கும் இடத்திலேயே தொங்க வேண்டும். இரவில் நினைவிலிருந்து எழுதினால் வனைந்த நேரம் நீளும், துடைத்த நேரம் மறைந்துபோகும். வாட்ஸாப்பில் பதில் சொன்னது, கூரியர் அலுவலகத்தில் வரிசையில் நின்றது, உடைந்து போய்ச் சேர்ந்த பாத்திரத்துக்கு மாற்று அனுப்பியது எல்லாம் அதில் ஏற வேண்டும். விற்பனையைத் தொடங்கும் முன் மூன்று மாதம் இப்படி எழுதுவது நல்லது; விற்பனைக்கு வைப்பதுபோலவே ஈடு ஈடாகச் செய்து, எத்தனை கழிந்தது என்பதையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்தின் முடிவில் இரண்டு எண்கள் கையில் இருக்கும்: ஒவ்வொரு வகைப் பாத்திரத்துக்கும் ஆகும் உண்மையான நேரம், ஒவ்வொருவர் தோளிலும் விழும் பங்கு. இரண்டாவது எண்ணைப் பார்த்து வீடுகள் வியப்படையலாம். அந்த வியப்பு விற்பனைக்கு முன் வருவது நல்லது. ஓராண்டு கழித்து மனக்கசப்பாக வந்தால் அதைத் தீர்ப்பது கடினம்.

கூலியைத் தொடக்கத்தில் எல்லா வேலைக்கும் ஒரே விகிதமாக வைக்கச் சொல்வேன். வனைவதற்குத் தனித் திறமை வேண்டும், பெட்டி கட்ட யாராலும் முடியும் என்ற எதிர்வாதம் வரும். வெளியே ஆள் வைத்தால் அது சரி. வீட்டுக்குள் நிலைமை வேறு: வனைபவருக்குப் பெயரும் கற்றுக்கொண்ட திறமையும் ஏற்கெனவே சேர்கின்றன, கூலியும் கூடினால், மற்ற வேலைகளை யாரும் விரும்பி ஏற்க மாட்டார்கள். அதோடு, சரியாகக் கட்டாத பெட்டிக்குள் போன மிகச் சிறந்த குவளையின் விலை பூஜ்யம். குழந்தைகளை இந்தக் கணக்கிலிருந்து வெளியே வைத்துவிடுங்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் இடம் தருகிறது என்றாலும், ஆபத்தான வேலைகளுக்கு அந்த அனுமதி இல்லை. உலர்ந்த மண், கிளேஸ் பொடி, சூடான சூளை மூன்றும் குழந்தைகளுக்கு உரியவை அல்ல. அவர்கள் ஈர மண்ணில் விரும்பியதைச் செய்யட்டும். ஆர்டரை முடிக்க அவர்கள் கை தேவைப்படுகிறது என்றால், ஏற்றுக்கொண்ட ஆர்டர் அதிகம் என்பதே பொருள்.

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு மனம் சார்ந்தது: கணவன் மனைவிக்கும் அம்மா பிள்ளைக்கும் நடுவே மணிக்கணக்கும் கூலியும் வந்தால் வீடு வீடாக இருக்குமா? இந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. பொழுதுபோக்காகச் செய்தபோது யாரும் யாருக்கும் கடன்படவில்லை என்பதே அந்த மகிழ்ச்சியின் வேர். ஆனால் விற்பனை தொடங்கிய நாளிலேயே அந்த நிலை போய்விடுகிறது. வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது. களைப்பாக இருந்தாலும் யாராவது ஒருவர் இரவில் சூளையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். கணக்கு இல்லாத வீட்டில் அந்த ஒருவர் யார் என்பதை அன்பு தீர்மானிப்பதில்லை. மறுத்துப் பேசாதவர் யாரோ அவர் தலையில் அது விழும். நம் வீடுகளில் அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலை. கூலியை அந்த மாதமே கையில் எண்ணிக் கொடுத்தாக வேண்டும் என்றுகூட இல்லை. வரவு நோட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதி, பணம் சேரும்போது தரலாம், அவர் விரும்பினால் பொதுச் செலவுக்கே விடலாம். விட்டுக்கொடுப்பதற்கும் முதலில் அது தன்னுடையது என்று ஆக வேண்டும்.

இரண்டாவது மறுப்பு சந்தை சார்ந்தது: உழைப்பையும் சேர்த்து விலை வைத்தால் யார் வாங்குவார்கள், ஆலையில் அச்சில் வார்த்த பீங்கான் குவளை அதைவிட மலிவாயிற்றே? இது உண்மை, ஆலையின் விலையோடு கைவேலை போட்டி போட முடியாது. அதனால் செய்ய வேண்டியது உழைப்பை மறைப்பது அல்ல, நேரம் எங்கே போகிறது என்று பார்த்துப் பொருளை மாற்றுவது. மேலே உள்ள கணக்கில் கைப்பிடி மட்டும் 120 நிமிடம் எடுக்கிறது என்றால், அதே மண்ணில் கைப்பிடி இல்லாத தண்ணீர் டம்ளர் செய்து பாருங்கள். மண் குறைந்து 280 ரூபாய் ஆகும். நேரம் 710 நிமிடம். கைப்பிடி ஒட்டுமிடத்தில் விழும் விரிசல் இல்லாததால் 18 தேறும் என்று கொள்வோம். எல்லாச் செலவும் சேர்த்து ஒன்றுக்கு 189 ரூபாய். 200 ரூபாய் விலையில் கூலியும் கிடைத்து 11 ரூபாய் மிஞ்சுகிறது. இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பெர்னார்ட் லீச்சும் ஹமாதா ஷோஜியும் 1920-இல் நிறுவிய லீச் பாட்டரி, பிற்காலத்தில் குறிப்பிட்ட சில வடிவங்களைப் பட்டியலிட்டு அவற்றையே திரும்பத் திரும்பச் செய்து தன் அன்றாட வருமானத்தை அமைத்துக்கொண்டது. தனித்த கலைப்பொருள்கள் அதற்குப் பக்கத்தில் நடந்தன. புதுச்சேரியில் ரே மீக்கரும் தெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியும் வீட்டில் பயன்படும் பாத்திரங்களின் தொடர் உற்பத்தியை ஓர் அடித்தளமாக வைத்துக்கொண்டதால், பல தலைமுறை மாணவர்களுக்குப் பயிற்சி தர அதனால் முடிந்தது. ஐந்தாறு வடிவம், இரண்டு மூன்று கிளேஸ் என்று சுருக்கினால் கை பழகும், கழிவு குறையும், நேரம் இறங்கும். உணவுப் பாத்திரத்துக்கு ஈயம், காட்மியம் கலக்காத கிளேஸை மட்டும் தேர்ந்தெடுத்து, ஆய்வகத்தில் ஒருமுறை பரிசோதித்துவிட்டால், அந்தச் செலவும் சில கிளேஸ்களோடு முடியும்.

மூன்றாவது மறுப்பு பொறுமை சார்ந்தது: எந்தத் தொழிலும் முதலில் இலவசமாக உழைத்துத்தானே வளர்கிறது, அதை முதலீடு என்று எடுத்துக்கொள்ளக்கூடாதா? எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதலீடு என்றால் அளவும் காலமும் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு, இத்தனை மணி நேரம் வரை, கூலி இல்லாமல் உழைக்கிறோம் என்று நேர நோட்டை வைத்து முடிவெடுத்தால் அது முதலீடு. அளவே தெரியாமல் கொடுத்துக்கொண்டிருப்பது முதலீடு ஆகாது. இன்னொரு சிக்கலும் உண்டு: கூலி சேர்க்காத விலையில் பழகிய வாடிக்கையாளரிடம் பிறகு விலையை உயர்த்துவது கடினம். அறிமுகச் சலுகை தர வேண்டுமானால், உண்மையான விலையைச் சீட்டில் எழுதி, அதன் கீழே சலுகையைக் காட்டுங்கள்.

யார் பெயரில் தொழில்

நோட்டில் எழுதிய பங்கு காகிதத்திலும் தெரிய வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை, இணையத்தில் நீங்களே செய்யலாம். வங்கிக் கடனுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் அது உதவும். வீடுகள் வழக்கமாக ஒருவர் பெயரில் தனியுரிமைத் தொழிலாகப் பதிவு செய்துவிட்டு அதை மறந்துவிடுகின்றன. அப்படிச் செய்தால் சட்டத்தின் கண்ணில் தொழிலும் கணக்கும் கடனும் அந்த ஒருவருடையவை. மற்றவர்களின் ஆண்டுக்கணக்கான உழைப்புக்கு எந்தத் தடயமும் இருக்காது. இருவர் சம அளவில் உழைப்பதாக நேர நோட்டு காட்டினால், 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பத்திரம் எழுதிப் பங்கைக் குறிப்பிடுவதைப் பற்றி ஆடிட்டரிடம் பேசுங்கள். சில திட்டங்களில் இந்தத் தேர்வு இன்னும் முக்கியம்: மண்பாண்டக் கலைஞர்களையும் உள்ளடக்கி 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர்தான் பயன்பெற முடியும். பொருள் விற்பனைக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் இல்லை; ஆனால் வெளிமாநிலத்துக்கு அனுப்புவதற்கும் இணைய வணிகத் தளங்கள் வழியாக விற்பதற்கும் தனி விதிகள் உள்ளன. அவற்றையும் அதே ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேர நோட்டு காட்டும் மற்றொரு ஆபத்து, எந்த வேலை ஒரே ஒருவரை நம்பி நிற்கிறது என்பது. வியன்னாவிலிருந்து 1938-இல் லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்த கெர்ட்ரூட், ஓட்டோ நாட்ஸ்லர் தம்பதி உலகப் புகழ் பெற்றவர்கள். கெர்ட்ரூட் வனைந்தார், ஓட்டோ கிளேஸும் சூளையும் பார்த்தார். பாத்திரத்தில் இருவருக்கும் பொதுவான குடும்பப் பெயர் மட்டுமே இருந்தது. 1971-இல் கெர்ட்ரூட் இறந்ததும் அந்தக் கூட்டு வேலை முடிந்துபோனது. சில காலம் கழித்து ஓட்டோ மண்பலகைகளை ஒட்டிச் செய்யும் வேறு வகைப் பொருள்களுக்கு மாற வேண்டியிருந்தது. மேதைகளின் கூட்டுக்கு அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். வீட்டுத் தொழிலுக்கு அந்த ஆபத்து தேவையில்லை. சூளையை இயக்குவது, கிளேஸ் கலப்பது, வரவு செலவு எழுதுவது என ஒவ்வொன்றையும் இரண்டாவது ஒருவர் கற்றிருக்க வேண்டும். அந்தக் கற்கும் நேரமும் நோட்டில் ஏற வேண்டும்.

வீட்டுக்கு வெளியேயும் ஒரு கடமை

உழைப்பைக் கணக்கில் சேர்ப்பது குடும்பத்தின் நலனுக்காக மட்டும் அல்ல. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; மதுரையை ஒட்டிய விளாச்சேரியில் கொலு பொம்மைகளும், பல ஊர்களில் பொங்கல் பானையும் அகல் விளக்கும் செய்து வாழும் வேளார் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு மண்ணைத் தவிர வேறு சம்பளம் இல்லை. வேறு வருமானம் உள்ள வீடு தன் உழைப்பை இலவசமாக்கி மலிவாக விற்றால், கைவேலைக்கு இவ்வளவுதான் விலை என்று வாங்குபவர் பழகிவிடுகிறார். அந்த இறக்கத்தின் சுமை முதலில் போய் விழுவது அவர்கள்மேல். தொழிலுக்குப் புதிதாக வருபவர் தன் நேரத்துக்கு முழு விலை கேட்பது, பரம்பரையாகச் செய்பவர் தன் விலையைக் கேட்பதற்குத் துணை நிற்பது. அகலையும் பொங்கல் பானையையும் அவர்களுக்கு விட்டுவிட்டு, ஸ்டோன்வேரில் வேறு பொருள்களைத் தேர்ந்தெடுப்பது நியாயமும் ஆகும். நேரக் கணக்கும் அதற்கே சாதகமாக வரும்.

கணக்கிட்ட நேரத்துக்கு எல்லை உண்டு என்பதே இந்த முறையின் மிகப் பெரிய பயன். நவராத்திரி, தீபாவளி ஆர்டர்கள் குவியும் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் தமிழ்நாட்டுக்கு வருகிறது. அப்போது பச்சைப் பாத்திரம் உலரத் தாமதமாகும், அவசரப்பட்டால் சூளையில் வெடிக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கையில் உள்ளது, ஓர் ஈட்டுக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று தெரிந்த குடும்பம், ஆடி, ஆவணியிலேயே வனைந்து முதல் சுடுதலை முடித்துவைக்கும். அதற்கு மேல் வரும் ஆர்டரைத் தயக்கமின்றி மறுக்கும். மறுத்ததால் மிச்சமாகும் நேரத்தில் வாரத்துக்கு ஒரு பொழுதாவது விற்பனைக்கு இல்லாத மண்ணுக்கு ஒதுக்குங்கள். எல்லோரையும் முதலில் சேர்த்து உட்காரவைத்தது அந்த மண்தான், புதிய வடிவங்கள் பிறப்பதும் அங்கேதான். மூன்று மாத நோட்டைக் கூட்டிப் பார்த்து, விலையையும் வடிவத்தையும் மாற்றிப் பார்த்த பிறகும், ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைப்பது உங்களுக்கு ஏற்றதாக இல்லை என்றால், விற்பனையைத் தொடங்காமல் விடுங்கள். பொழுதுபோக்காகவே தொடர்வது தோல்வி ஆகாது. தெரிந்து எடுத்த முடிவு அது. கிடைப்பது ஏற்றதாக இருந்தால், அடுத்த அத்தியாயத்தில் வரும் பெயரும் விளம்பரமும் உறுதியான தரையில் நிற்கும்.